புத்தகமா, போனா, காதா? ஓராண்டில் வேதாகமத்தை முடிக்க எது துணை

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, வாக்குத்தத்த வசன அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது பாதிப் பேர் மனதில் ஒரே தீர்மானம்தான் இருக்கும். இந்த வருஷமாவது வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை வாசித்து முடித்துவிட வேண்டும். ஜனவரி இரண்டாம் தேதி எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கும்: எதில் வாசிப்பது?

இந்த முறை வந்தவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் குவைத்தில் நர்ஸ். இரவு ஷிஃப்ட், நாலு பேர் தங்கும் அறை, மற்றவர்கள் தூங்கும்போது விளக்குப் போட முடியாது. அடுத்தது கோவையில் பொறியியல் படிக்கும் பையன். தமிழ் நன்றாகப் பேசுவான், ஆனால் ‘பிரவேசித்து’, ‘அந்தகாரம்’ என்று வந்தால் புத்தகத்தை மூடிவிடுவான். மூன்றாவது பாளையங்கோட்டையில் இருக்கும் என் அத்தை. ஒரு கண்ணில் கண்புரை ஆபரேஷன் முடிந்துவிட்டது, மறு கண் பாக்கி. “ஏல, போன்ல போட்டுக் கேட்டா அது வாசிச்ச கணக்குல வருமா?” என்பது அத்தையின் கேள்வி.

மூன்று பேருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் மூன்று பேரும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான். முதலில் அவற்றை வைத்துக்கொள்வோம்.

## எதை வைத்து அளப்பது

லேவியராகமத்தைத் தாண்டுமா? புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். 365ஆல் வகுத்தால் நாளுக்கு மூன்றேகால் அதிகாரம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஆக, ஜனவரி கடைசியில் லேவியராகமத்தின் வாசலில் நிற்பீர்கள். சர்வாங்க தகனபலி, குண்டிக்காய்க் கொழுப்பு, குஷ்டம், தீட்டு. நான் பார்த்த தீர்மானங்களில் பெரும்பாலானவை அங்கேதான் அடக்கமாகியிருக்கின்றன, என்னுடையவையும் சேர்த்து. (கத்தோலிக்க விவிலியத்தில் 73 புத்தகங்கள், தினப் பங்கு இன்னும் கொஞ்சம் கூடும்.)

வாசித்து முடித்த அடுத்த இரண்டு நிமிடத்தில் என்ன நடக்கிறது? நான் அதிக மதிப்பெண் கொடுப்பது இதற்குத்தான். வாசிப்பதே நோக்கம் என்றால் எதில் வாசித்தாலும் ஒன்றுதான். வாசித்தது ஜெபமாக மாற வேண்டும் என்றால், கடைசி வசனத்துக்குப் பிறகு கையும் கண்ணும் எங்கே போகின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

புரிகிறதா? சபையில் வாசிக்கும்போது காதுக்கு இனிமையாக இருப்பது வேறு, தனியாக உட்காரும்போது பொருள் பிடிபடுவது வேறு.

கதவு பூட்டியிருக்கிறதா? “நீயோ ஜெபம்பண்ணும்போது, உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி” என்று மத்தேயு 6:6 சொல்கிறது. எந்தச் சாதனமானாலும் அந்தக் கதவை அது மூட உதவுகிறதா, திறந்துவிடுகிறதா?

பணம் பெரிய விஷயம் இல்லை. மூன்று வழியுமே கைக்கு அடக்கமானவைதான்.

இன்னொன்றையும் முதலிலேயே பேசி முடித்துவிடலாம். “போனில் வாசிப்பது வேதத்துக்கு மரியாதை இல்லை” என்று சொல்லும் மூப்பர் எல்லாச் சபையிலும் ஒருவர் இருப்பார். அவர் கையில் இருக்கும் கறுப்பு அட்டைப் புத்தகமும் ஒரு காலத்தில் புதுச் சாதனம்தான். சுருளை விட்டுத் தைத்த ஏட்டுக்கு மாறியதில் ஆதிக் கிறிஸ்தவர்கள் மற்றவர்களை முந்திக்கொண்டார்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, ஓலையில் எழுதிக்கொண்டிருந்த ஊரில் அச்சு இயந்திரத்தை வைத்து 1714இல் சுவிசேஷங்களையும் 1715இல் முழுப் புதிய ஏற்பாட்டையும் தமிழில் கொண்டுவந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்து பெரிதாக இருந்தது; அதில் அடித்தால் காகிதம் போதாது. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். முன்னூறு வருஷத்துக்குப் பிறகும் என் அத்தை பூதக்கண்ணாடி தேடுவதற்குக் காரணம் அதேதான்: அத்தனை அதிகாரத்தையும் ஒரு அட்டைக்குள் அடக்கியாக வேண்டும்.

ஆகவே சாதனம் புதுசா பழசா என்பது கேள்வியே இல்லை.

## அச்சு வேதாகமம்

இதன் பெரிய பலம், இதற்குள் வேறு எதுவும் இல்லை என்பது. வாசித்து முடித்து மூடினால் மடியில் ஒரு மூடிய புத்தகம் இருக்கும், அவ்வளவுதான். அடுத்த இரண்டு நிமிடத்துக்குப் போட்டியே கிடையாது. கண்ணை மூடினால் ஜெபம், மூடாவிட்டால் சுவர்.

இரண்டாவது, இடம். எங்கள் அம்மாவின் வேதாகமத்தில் 121ஆம் சங்கீதம் இடப்பக்கத்தில், மேலே. அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போயிருக்கும். முதல் வெற்றுத்தாளில் எங்கள் மூன்று பேரின் பிறந்தநாளும் ஞானஸ்நான நாளும் மைப்பேனாவில் எழுதியிருக்கின்றன. அதற்குக் கீழே, வேறு மையில், தாத்தா இறந்த தேதி. அம்மாவிடம் வசன எண் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் விரல் தானாகப் போய் நிற்கும். திரையில் உருட்டி வாசிக்கும் எனக்கு அந்த விரல் வாய்க்கவில்லை.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. பொடி எழுத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பெரிய எழுத்துப் பதிப்பு வாங்கலாம், ஆனால் அதன் கனத்தைப் படுத்துக்கொண்டு தாங்க முடியாது. விளக்கு வேண்டும். பாதியில் விட்டால் யாரும் நினைவூட்ட மாட்டார்கள். ஜிப் வைத்த உறைக்குள் போய், டிவி மேடையில் ஏறி, வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டும் பொருளாகிவிடும் அபாயமும் அச்சுப் புத்தகத்துக்கு மட்டுமே உண்டு. செயலியை அப்படி யாரும் அலங்கரிப்பதில்லை.

நினைவூட்டல் இல்லாத குறைக்குப் பழைய மருந்து இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மரே மெக்செய்ன் 1842இல் தம் சபைக்காக ஓர் அட்டவணை போட்டார். நாளுக்கு நான்கு அதிகாரம், நான்கும் நான்கு வேறு இடங்களிலிருந்து. வருஷ முடிவில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறை முடிந்திருக்கும். லேவியராகமம் வாசிக்கும் நாளிலும் பக்கத்திலேயே வேறு புத்தகங்களின் அதிகாரங்கள் இருக்கும் என்பதால் மூச்சு முட்டாது. அந்த அட்டவணையை ஒரு தாளில் எடுத்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டால் போதும்.

வீட்டில் தனக்கென ஒரு நாற்காலியும், மாறாத ஒரு நேரமும் இருப்பவர்களுக்கு இதுவே முதல் தேர்வு. குடும்ப ஜெபத்துக்கும் இதுதான். ஒரே புத்தகத்தைப் பிள்ளைகள் கைமாற்றி ஆளுக்கு நாலு வசனம் வாசிப்பதும், ஆளாளுக்கு ஒரு போனைப் பார்ப்பதும் ஒன்றல்ல.

## கைபேசிச் செயலி

இங்கேதான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. அதிகம் கொடுப்பதும் அதிகம் எடுத்துக்கொள்வதும் இதுதான்.

அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த லைஃப்.சர்ச் என்ற சபை 2008 ஜூலையில், ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தபோதே, யூவெர்ஷன் செயலியைக் கொண்டுவந்தது. இலவசம். தமிழ் மொழிபெயர்ப்புகளும் அதில் கிடைக்கின்றன. அதற்குப் பிறகு தமிழுக்கென்றே எத்தனையோ சிறு செயலிகள் வந்துவிட்டன.

செயலியின் உண்மையான பலம் இரண்டு மொழிபெயர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடிவது. கோவைப் பையனுக்கு நான் 23ஆம் சங்கீதத்தைத்தான் காட்டினேன். தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலும் புழங்குவது ஹென்றி பவர் தலைமையில் 1871இல் வந்த திருத்தத்தின் வழிவந்த மொழிபெயர்ப்பு. அதில் “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.” 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை.” பையனுக்கு இரண்டாவது சட்டென்று புரிந்தது. அப்புறம் அவனாகவே, “ஆனா முதல்ல இருக்குறதுதான் பாட்டி சொல்ற மாதிரி இருக்கு” என்றான். இரண்டும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. அச்சில் இதைச் செய்ய இரண்டு தடிப் புத்தகங்களை மேசையில் விரிக்க வேண்டும்.

தேடல் இன்னொரு வசதி. முன்பு இதற்கு ஒத்தவாக்கிய அகராதி என்று தலையணை அளவில் ஒரு புத்தகம் இருக்கும். ஆனால் தமிழில் தேடும்போது ஒரு சூட்சுமம் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் சொற்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். ‘மேய்ப்பர்’ என்று அடித்தால் ‘மேய்ப்பராயிருக்கிறார்’ கிடைக்காமல் போகலாம், புள்ளி வைத்த ‘ர்’ அங்கே ‘ரா’ ஆகிவிட்டதால். ‘மேய்ப்ப’ வரை மட்டும் அடித்துப் பாருங்கள்.

சரி, விலை என்ன? முதல் விலை அந்த இரண்டு நிமிடம். நான் ஒரு மாதம் என்னையே கவனித்துப் பார்த்தேன். அதிகாரம் முடிந்ததும் கட்டைவிரல் திரையை மேலிருந்து கீழே இழுத்து அறிவிப்புகளைப் பார்க்கப் போய்விடுகிறது. மனம் முடிவெடுப்பதற்கு முன்பே விரல் போய்விடுகிறது. யோபு சாம்பலில் உட்கார்ந்திருந்த இடத்தில் அடுத்த நொடி மின்வாரியக் கட்டண நினைவூட்டல். விமானப் பயன்முறை இதற்குப் பாதி மருந்து. மீதிப் பாதிக்கு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வேறு இடத்தில் போய் முழங்கால் போடுவதைத் தவிர வேறு வழியை நான் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டாவது விலை, தொடர் நாள் கணக்கு. நான் அப்போது வைத்திருந்த ஒரு சின்னச் செயலி, இத்தனை நாள் விடாமல் வாசித்திருக்கிறாய் என்று தினமும் எண்ணைக் காட்டும். முதலில் அது நன்றாகவே உதவியது. லேவியராகமத்தைத் தாண்டியது அதனால்தான். 143ஆம் நாள் பெரியப்பா இறந்துபோனார். இரவு முழுக்க ஆஸ்பத்திரி, மறுநாள் கல்லறைத் தோட்டம். வீடு திரும்பிச் செயலியைத் திறந்தால் பூஜ்யம். சாவு வீட்டில் வராத ஒரு எரிச்சல் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து வந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் இரவு 11.50க்கு, கணக்கு அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே மூன்று அதிகாரத்தை உருட்டிவிட்டுத் தூங்கிய நாள்களும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. நான் யாருக்குக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்?

மூன்றாவது விலை, அந்தக் கதவு. வசனம் வாசிப்பதோடு நின்றால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் பல செயலிகள் ஜெபக் குறிப்புகளை எழுதச் சொல்கின்றன: யாருக்கு என்ன வியாதி, எந்த வீட்டில் என்ன கடன், எந்தப் பாவத்தோடு போராட்டம். 2022இல் மொஸில்லா அறக்கட்டளை மனநலச் செயலிகளையும் ஜெபச் செயலிகளையும் சேர்த்து 32ஐ ஆராய்ந்து, 28க்கு அந்தரங்கப் பாதுகாப்பு சரியில்லை என்று எச்சரிக்கை முத்திரை குத்தியது. அந்தரங்கத்திலிருக்கிற பிதாவிடம் சொல்ல வேண்டியதை ஒரு சர்வரில் எழுதிவைக்க அவசியம் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

போப் பிரான்சிஸ் 2017 மார்ச்சில் புனித பேதுரு சதுக்கத்தில் ஒரு கேள்வி கேட்டார்: வேதாகமத்தை நாம் கைபேசியைப் போல நடத்தினால் என்ன ஆகும், வீட்டில் மறந்துவிட்டால் திரும்பி ஓடிப்போய் எடுத்து வருவோமா என்று. நல்ல கேள்வி. வேதாகமமே கைபேசிக்குள் வந்துவிட்ட பிறகு அதைக் கொஞ்சம் திருப்பிக் கேட்கலாம்: திரும்பி ஓடியது எதற்காக?

வீட்டை விட்டு வெளியே இருப்பவர்கள், அடிக்கடி பயணம் செய்பவர்கள், பழைய தமிழ் பிடிபடாதவர்கள், பாடம் எடுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் செயலியைத் தேர்ந்தெடுக்கலாம். போனை எடுத்தால் வைக்கத் தெரியாதவர்களுக்கு, இது எவ்வளவு நல்ல செயலியாக இருந்தாலும், வேண்டாம்.

## ஒலி வேதாகமம்

இதை மூன்றாம் தரமாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளிப்படுத்தல் 1:3இல் “வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்” பாக்கியவான்கள் என்று இருக்கிறது. வாசிக்கிறவன் ஒருமை, கேட்கிறவர்கள் பன்மை. ஒருவர் வாசிக்கச் சபை கேட்டது. அதுதான் அன்றைய நடைமுறை.

காது சில இடங்களில் கண்ணைவிடக் கெட்டி. 136ஆம் சங்கீதத்தில் 26 வசனத்திலும் “அவர் கிருபை என்றுமுள்ளது” வரும். கண் மூன்றாவது தடவையிலேயே தாவிவிடும். காதால் தாவ முடியாது. இருபத்தாறையும் வாங்கித்தான் ஆக வேண்டும். சுவிசேஷங்களும் அப்படித்தான். திருநெல்வேலியில் பஸ் ஏறி நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் மாற்குவின் பதினாறு அதிகாரமும் ஏறக்குறைய முடிந்துவிடும். நாலு நாலு வசனமாகப் பிய்த்துக் கேட்டே வளர்ந்த எனக்கு, மாற்கு எவ்வளவு அவசரமாக ஓடுகிறார் என்பது அந்தப் பஸ்ஸில்தான் தெரிந்தது.

தோற்கும் இடம் நிருபங்கள், அதாவது பவுல் போன்றவர்கள் சபைகளுக்கு எழுதிய கடிதங்கள். ரோமர் 7ஐ அடுப்படியில் தாளித்துக்கொண்டே கேட்டால் பவுல் எதைச் செய்ய விரும்பினார், எதைச் செய்தார் என்று கடைசிவரை புரியாது. 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரம் வம்ச அட்டவணை; அது தாலாட்டு. இதன் மறைந்த செலவும் இதுதான்: ஓடிக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துவிடுவோம். கை வேலையாக இருந்தால் பரவாயில்லை, வாய் வேலையாக இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

## வாட்ஸ்அப் வசனம்

யாரும் கேட்கவில்லை, ஆனால் பல வீடுகளில் நிஜமாக நடப்பது இது என்பதால் இரண்டு வரி. காலை ஐந்தரைக்குச் சூரியோதயப் படத்தின் மேல் எரேமியா 29:11 வரும்: உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன். அதற்கு முந்தைய வசனம் படத்தில் வராது. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் சந்திப்பேன் என்பது அது. கேட்டவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். அனுப்பிய சித்தப்பாவுக்கு ஒரு ஸ்தோத்திரம் போடுங்கள். அதை வாசிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | அச்சு | செயலி | ஒலி |
|---|---|---|---|
| லேவியராகமம் தாண்ட | அட்டவணை வைத்தால் தாண்டலாம் | நினைவூட்டல் தள்ளிக்கொண்டு போகும் | குரலே இழுத்துப் போகும் |
| அடுத்த இரண்டு நிமிடம் | மிக நன்று | மோசம் | செய்யும் வேலையைப் பொறுத்தது |
| புரிதல் | பழைய தமிழ் தெரிந்தால் | இணைத்துப் பார்க்க ஏற்றது | கதைக்கு நன்று, நிருபத்துக்குச் சிரமம் |
| அந்தரங்கம் | முழுமை | ஜெபக் குறிப்பு எழுதாதவரை | காதொலிக் கருவி போட்டால் |
| கண், விளக்கு | இரண்டும் வேண்டும் | எழுத்தைப் பெரிதாக்கலாம் | இரண்டும் வேண்டாம் |

## மூன்று பேருக்கும் சொன்னது

குவைத் நர்ஸுக்குச் செயலிதான். இணையம் இல்லாமலும் திறக்கும்படி மொழிபெயர்ப்பை இறக்கி வைத்துக்கொள்ளவும், திரையைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றவும் சொன்னேன். ஷிஃப்ட் முடிந்து வந்து களைத்துப் படுத்த நாளில் வாசிக்காமல், ஒரு சங்கீதத்தை ஒலியில் கேட்டுவிட்டுத் தூங்கினால் போதும். ஓராண்டில் முடியாவிட்டால் இரண்டாண்டில் முடியட்டும்.

கோவைப் பையனுக்கு ஒரு கலவை. திருவிவிலியம் செயலியில், ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாட்டியின் பழைய புத்தகத்தில். ஆராதனைக்கு அந்தப் புத்தகத்தையே எடுத்துப் போகச் சொன்னேன். பிரசங்கியார் “எடுத்துக்கொள்வோம்” என்றதும் நூறு பேர் ஒன்றாகப் பக்கம் திருப்பும் அந்தச் சலசலப்பில் அவனும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை, தர்க்கமெல்லாம் இல்லை. தொடர் நாள் கணக்கை முடிந்தால் அணைத்துவிடவும் சொன்னேன். “இருபத்தொன்பது ஆகிடுச்சு, முப்பது வந்ததும் அணைக்கிறேன்” என்று பதில் வந்தது.

அத்தைக்கு வெளிப்படுத்தல் வசனத்தைச் சொல்லி, கணக்கில் வரும் என்றேன். “அப்ப சரி” என்றவர் உடனே அடுத்ததைக் கேட்டார்: “நடுவுல யாராவது போன் போட்டா?” நல்ல கேள்விதான். சிம் எடுத்துவிட்ட என் பழைய போனில் ஒலி வேதாகமத்தை மட்டும் ஏற்றி, மற்றதையெல்லாம் அழித்து, கூரியரில் அனுப்பிவைத்தேன். காலை ஐந்து மணிக்குக் கருப்பட்டிக் காபியை வைத்துக்கொண்டு அதைப் போடுகிறாராம். மடியில் பெரிய எழுத்து வேதாகமம், கேட்கும் அதிகாரம் எதுவோ அந்தப் பக்கத்தில் திறந்து. எழுத்து தெரியாதே என்றேன். “தெரியாட்டி என்ன, கை வச்சிருக்கேன்லா” என்றார்.

அவர் இப்போது எண்ணாகமத்தில் இருக்கிறார். நான் இன்னும் லேவியராகமம் 13இல்தான்.